ஒன்றரை அங்குலம்

1

இந்தக் கதை ஒரு தட்டச்சுப் பிழையில் தொடங்கியது என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் அது பிழை இல்லை, தெரிந்தே செய்தது.

நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்ப் பள்ளியின் பெண்கள் வாலிபால் அணிக்கு வருடாவருடம் ஆட்டக்காரர் பட்டியலைத் தட்டிக் கொடுப்பது நான்தான். கதை எழுதுகிறவள், சும்மாதானே இருக்கிறாள் என்று தலையில் கட்டிவிட்டார்கள். பெயர், எண், வகுப்பு, உயரம். அவ்வளவுதான் வேலை. போன ஆகஸ்டில் கோரா வோண்ட்ரா என் மேசை முன்னால் வந்து நின்றாள். பதினாறு வயது. ஐந்தடி பத்தரை அங்குலம்.

"அந்த அரைய முழுசா போட்டுக்கலாம்ல, மிஸஸ் பவெல்கா? எல்லாரும் போடுறாங்க."

"அரை என்னடி அரை? போடுறதே போடுறோம், ஆறடின்னே போட்டுடுறேன். யாரு வந்து அளக்கப் போறா?"

இருவரும் சிரித்தோம். பட்டியல் பள்ளியின் வலைத்தளத்தில் ஏறியது. அங்கிருந்து எங்கெங்கோ போனது.

2

தொடக்கங்கள்:

கோரா பிறந்தபோதே தொட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டு (வேண்டாம். பிறப்பிலிருந்து ஆரம்பித்தால் கதை நடக்கும் சனிக்கிழமைக்கு வந்து சேரவே நூறு பக்கம் ஆகும்.)

சோளக்காட்டு நடுவே ஒரு பெண் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தாள், அவள் கண்களில் (இதை எழுதியவளைச் சோளக்காட்டுக்குள் விட வேண்டும். இலை கையை அறுக்கும், தெரியுமா?)

நாற்பத்தொரு கல்லூரி கோச்சுகளுக்குக் கோரா கடிதம் எழுதினாள். பதில் போட்டவர் ஒருவர்.

இது இருக்கட்டும். பதிலில் இருந்தது இவ்வளவுதான்: வலைக்கு நடுவில் நின்று பந்தைத் தடுக்க எங்களுக்கு ஓர் ஆறடிப் பெண் தேவை. ஜூன் கடைசிச் சனிக்கிழமை பயிற்சி முகாமுக்கு வா, நேரில் பார்க்கிறேன். கூடவே ஒரு தாள். முழங்கால் உறை, தண்ணீர் பாட்டில், மருத்துவச் சான்று கொண்டுவரவும். கடைசி வரி: 'பதிவின்போது அனைவரின் உயரமும் அளக்கப்படும்.'

3

இங்கே என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கோச்சுக்கு உண்மையை எழுதிப் போட்டுவிட்டால் ஆயிற்றே, ஏன் போடவில்லை? அவளிடமே கேட்டேன்.

"ஒரே ஒரு பதில்தான் வந்திருக்கு," என்றாள். "வாலிபால் இல்லன்னா நான் யாரு? சும்மா ஒரு நெட்டச்சி. கடையில மேல் தட்டுல இருக்கிறத எடுத்துக் குடுக்கத்தான் கூப்பிடுவாங்க."

சிரிக்கலாம் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்திருந்தது.

"நீங்க எழுதினதுதானே. நீங்களே திருத்திடுங்க." கதவு வரை போய்த் திரும்பினாள். "இல்ல, வேணாம். திருத்தாதீங்க." மறுநாள் பள்ளி வாசலில் பிடித்துக்கொண்டாள். "திருத்திட்டீங்களா?"

'தவறு என்னுடையது' என்று அந்தக் கோச்சுக்கு நான் மூன்று வரி எழுதினேன். அனுப்பவில்லை. அனுப்பினால் அவளுக்கு அந்த ஒரே கதவும் மூடிவிடுமோ என்று பயம். அதைவிடவும், சாத்தியது நான்தான் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். எது பெரிது என்று கேட்காதீர்கள்.*

4

(* கேட்டீர்கள் அல்லவா? இரண்டாவதுதான்.)

மனிதர்கள் மாலையைவிடக் காலையில் கொஞ்சம் உயரமாக இருப்பார்களாம். படுத்தே கிடந்தால் அந்த உயரம் இறங்காதாம். கோரா எங்கோ படித்துவிட்டாள். எனவே சனிக்கிழமை காலை, இரண்டு மணி நேரப் பயணம் முழுக்க, அவள் வேனின் பின்சீட்டில் பெல்ட்டை எப்படியோ சுற்றிக்கொண்டு மல்லாந்து கிடந்தாள். ஓட்டியது அவள் அப்பா ரஸ், விதைச்சோளம் விற்கிறவர். அந்த வண்டியில் நான் இல்லை. ரஸ் சொன்னது பாதி, இட்டுக்கட்டியது பாதி.

"என்ன கொக்கு, உயிரோட இருக்கியா?"

"பேச வைக்காதீங்கப்பா. முதுகு சுருங்கும்."

"பேசினா முதுகு சுருங்குமா? அப்போ உங்க அம்மா எறும்பு சைஸுக்கு வந்திருக்கணுமே."

"அப்பா! சிரிக்க வைக்காதீங்க."

"சரி சரி. அம்மா லவங்கப்பட்டை போட்டு இனிப்பு ரோல் சுட்டுக் குடுத்திருக்கா. ஒண்ணு வேணுமா?"

"படுத்துக்கிட்டு எப்படித் திங்கிறது?"

ரஸ் ரோல் பெட்டியைப் பக்கத்துச் சீட்டில் வைத்தார். சாலையில் ஒவ்வொரு பள்ளம் வரும்போதும் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அலற விட்டும் குறைத்தார். (இது இட்டுக்கட்டியது இல்லை.) நகர எல்லை வந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"பத்தரைன்னே சொல்லிட்டா என்ன, கண்ணு?"

"சொன்னா வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்."

"திரும்பினா என்ன? வீடு அங்கேயேதான் இருக்கு."

கண்ணாடியில் அவர் பார்த்தபோது அவள் கூரையைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள், உடம்பு அசையாமல்.

5

முடிவு அ: அளவுகோலின் கீழ் கோரா நிற்கிறாள். தலைத்தட்டு மெல்ல இறங்கி ஆறடியில் நிற்கிறது.

எழுதியதை அவளிடம் காட்டினேன். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள்.

முடிவு ஆ: பத்தரைதான். ஆனால் கோச் சிரித்து, 'பரவாயில்லை, எம்பிக் காட்டு' என்கிறார். கோரா எம்புகிறாள். அரங்கமே எழுந்து

"அய்யோ, நிறுத்துங்க. காலைல ஒன்பது மணிக்கு எந்த அரங்கம்? தரை துடைக்கிற ஆளு மட்டும்தான் இருந்தாரு."

நடந்தது வேறு. பதிவு மேசையில் அளவுகோலே இல்லை. யாரோ உடைத்துவிட்டார்களாம். அட்டையும் பேனாவுமாக ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்து படுத்தே வந்தவள், காப்பாற்றிக் கொண்டுவந்த உயரத்தோடு அவள் முன்னால் போய் நின்றாள்.

"பேரு?"

"கோரா வோண்ட்ரா."

"உயரம்? இதுல ஆறடின்னு இருக்கு. சரிதானே? நீ சொல்றதத்தான் எழுதப் போறேன்."

கோல் அளந்தால் கோல் சொல்லும் என்று நினைத்திருந்தாள். தான் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. அவளுக்குப் பின்னால் நிஜமாகவே ஆறடியிருந்த ஒரு பெண், வெட்கத்தில் தோளைக் குறுக்கி நின்றாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரஸ், கையில் ரோல் பெட்டியோடு.

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அன்று மாலையே வந்து சொன்னாள். எழுதாதீர்கள் என்றும் சொன்னாள்.

"ஏண்டி?"

"நீங்க எழுதினா நம்பர் தப்பா வரும், மிஸஸ் பவெல்கா."

வலித்தது. வலிக்க வேண்டியதுதான். அதனால் அட்டையை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். அவளை உங்களுக்குப் பிடித்திருந்தால் கூடுதல் கவனமாக இருங்கள், நானும் பிடித்துப்போய்த்தான் கூட்டிப் போட்டேன்.

பெயர்: கோரா வோண்ட்ரா
உயரம்: