சஹனில் ஆறாவது கை

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. நிந்தவூரில் இருக்கும் என் சாச்சியின் மகள், எனக்கு அக்கா முறையான றாஹிலா றாத்தாவிடமிருந்து, கேட்காமலே எடுத்துக்கொண்டேன். ‘கடல் இரைந்துகொண்டிருந்த ஒரு மாலையில்…’ என்று தொடங்கி, வெட்டிவிட்டேன். கடல் இரைந்ததா என்று தெரியாது. நாங்கள் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தோம்.

2

இருபத்திரண்டு வருடமாக றாத்தாவுக்குச் சொரியாசிஸ். கை, முழங்கை, கழுத்தெல்லாம் செதில். தொற்றாத நோய்தான். ஆனாலும் கலியாண வீடுகளில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் சஹனில் அவரை யாரும் இருத்தியதில்லை. குசினியில் அடுப்போரம் தனிப் பீங்கானில் சாப்பாடு. (நானும் இருத்தியதில்லை. இதை அடைப்புக்குறிக்குள் எழுதுவது என் கோழைத்தனம்.)

போன வருடம் இரத்தப் புற்றுநோய் வந்தது. அதற்குத் தினமும் விழுங்கக் கொடுத்த குளிசையில், நாலாம் மாதம் செதில் முழுக்க உதிர்ந்துவிட்டது.

“பாரு புள்ள,” என்று கையை நீட்டினார். “அல்லாஹ் ஒரு வருத்தத்தத் தந்து மத்தத எடுத்திட்டான்.”

3

இரத்தம் மட்டும் தேறவில்லை.

“இந்தக் குளிசை காணாது, மாத்தோணும்,” என்று புதுக் குளிசையை எழுதித் தந்தார் டொக்டர். “மாத்தினா தோல் பழையபடி வரலாம்.”

திரும்பும்போது பஸ்ஸில் றாத்தா சொன்னார்: “றினோஸாட கலியாணம் முடியட்டும். அதுவரைக்கும் மிச்சமிருக்கிற பழைய குளிசையப் போடுறன். அவருக்குச் சொல்லிராத.”

அவர் என்றது கணவர் நளீம் மச்சானை. றினோஸா ஒரே மகள்.

[இங்கே நான் றாத்தாவைக் கண்டிப்பதாக ஒரு பத்தி இருந்தது. நான் கண்டிக்கவில்லை. “சரி றாத்தா” என்றேன்.]

4

ஐந்து கிழமை கழித்து, முப்பத்தைந்தாம் நாள், கலியாணம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் றாத்தாவின் கையைப் பிடித்து அழைத்துப்போய் இருத்தினார்கள். சஹனில் ஆறாவது கை அவருடையது. ஓர் இறைச்சித் துண்டைப் பிய்த்துச் சம்பந்தியின் பக்கம் தள்ளிவைத்தார். சம்பந்தி எடுத்துச் சாப்பிட்டார்.

றாத்தா அழுதார் என்று எழுதினால் கதைக்கு நல்லது. அழவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டார்.

5

மறுநாளே புதுக் குளிசையைத் தொடங்கினார். பத்தாம் நாள் கிளினிக்; மச்சானும் நானும் கூடப் போனோம். அதற்குள் முழங்கையில் சிவப்பு, அபாயாவின் கைக்குள் மறைந்திருந்தது. டொக்டர் இரத்த அறிக்கையைப் புரட்டினார்.

“ஒன்றரை மாசமாகியும் புது மருந்து பிடிக்கல்ல. இனிக் கடுமையானதுதான் குடுக்கோணும், உடம்பு தாங்குமோ தெரியாது. ஒழுங்காப் போட்டீங்களா?”

“ஓம்,” என்றார் றாத்தா.

“ஒரு நாளும் விடல்ல டொக்டர்,” என்றார் மச்சான். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

டொக்டர் என்னைப் பார்த்தார். றாத்தாவும் பார்த்தார். நான்

ஒரு முடிவில் சொல்லிவிடுகிறேன். மச்சான் எழுந்து வெளியே போகிறார். இன்னொன்றில் வாய் திறக்கவில்லை. கடுமையான மருந்து றாத்தாவின் உடம்பில் ஏறுகிறது. எது நடந்ததென்று எழுத எனக்குத் தைரியமில்லை.

என் கதிரையில் நீங்கள் இருங்கள். டொக்டர் பேனையைத் திறந்துவிட்டார்.