சுவரோரப் புகை

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் பம்பரம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று நாத்தனார் கிண்டலடிப்பாள். சினிமாப் படிப்பு படிக்கும் மகள், அசைவு, அசையாமை, காலம் என்று பெரிய பெரிய வார்த்தையெல்லாம் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடத்து மூலையில் கேமராவை நிறுத்தி வைத்தாள். பம்பரத்துக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனாலும் இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தாள்.

கல்லூரி அரங்கில் படம் போட்டார்கள். வெயில் சுவரேறி இறங்கியது. சாய்வு நாற்காலியில் கணவர் நட்டு வைத்த கல்லாக இருந்தார். பக்கத்தில் டீ டம்ளர் தானாக முளைத்தது. குவிந்து கிடந்த துணி தானாக மடிந்து அடுக்காயிற்று. அவளை மட்டும் காணோம். சுவரோரம் லேசாகப் புகை மாதிரி ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான்.

"அண்ணன் ஹீரோதான் போ!" நாத்தனார் கைதட்டினாள். கணவரும் சேர்ந்து தட்டினார். பம்பரம் மகள் பக்கம் திரும்பினாள்.

"நான் எங்கடி?"

"இது போட்டோ போட்டோவா எடுத்துக் கோத்தது. ஒவ்வொரு போட்டோவுக்கும் கேமரா ரொம்ப நேரம் கண்ணைத் திறந்து வச்சிருக்கும்மா. அசையாம இருக்கறதுதான் பதியும். நீ ஒரு இடத்துல நின்னாத்தானே?" மகள் குரலைத் தாழ்த்தினாள். "நீ பதியலைங்கறதை நானே அப்புறந்தான் கவனிச்சேன்."

"மறுபடி எடு. நான் உக்கார்றேன்."

அடுத்த ஞாயிறு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது உடம்பு மட்டுந்தான். குழாய் சொட்டியது, கால் பரபரத்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தது. எழுந்தால் போச்சு, மறுபடி புகைதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இந்தாம்மா, டீ என்னாச்சு? என் கண்ணாடி எங்க?" கணவர் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தார். "டீத்தூள் எந்த டப்பான்னாவது சொல்லித் தொலையேன்!"

பால் தீய்ந்த நாற்றம் வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உதடு அசைந்துவிடும்.

மறுநாள் மகளின் கம்ப்யூட்டரில் மூவரும் பார்த்தார்கள். நாற்காலியில் பம்பரம், நெற்றிச் சுருக்கம்கூடத் தெளிவாக. கூடத்தில் வேறு யாருமே இல்லை. கணவர் திரைக்கு அருகே குனிந்து தேடினார்.

"நாள் பூரா ஓடினேனே, நான் எங்க?" குரலில் நிஜமாகவே பதற்றம்.

அவள் சுவரோரப் புகையைத் தொட்டுக் காட்டினாள். "அதோ, அதான் நீங்க."

சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகை வந்துவிட்டது.