நீலத்துணிக்கு அந்தப் பக்கம்

“கழட்டாதீங்கண்ணே. ஏழு மணிக்கு அவளுக்கு அடுத்த கிளாஸ் இருக்கு.”

கந்தம்மாள் சொன்னதும், துணியை ஆணியிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்த தங்கமுத்து அப்படியே நின்றுவிட்டார். கட்டிலில் கிடந்த பழனிமுத்துவை வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டை இரண்டாகப் பிரித்த நீலத்துணி குறுக்கே தொங்கியது. புருஷன் செத்து முக்கால் மணி நேரம் ஆகியும் அவள் இன்னும் சத்தம்போட்டு அழவில்லை.

“இன்னைக்கு இனிமே கிளாஸ் இல்லம்மா. மெயில் போட்டுட்டேன்,” என்றாள் மகாராணி. கழுத்தில் இன்னும் ஹெட்செட் கிடந்தது. “கழட்டுங்க மாமா.”

துணி இறங்கியது. இந்தப் பக்கம் கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் அப்பாவின் கட்டில். நடுவில் நாலடிகூட இல்லை.

போன வருஷம் செண்பகனூருக்கு பிராட்பேண்ட் வந்ததும் மகாராணிக்கு இந்த வேலை கிடைத்தது. அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும். அவர்களுக்குச் சாயங்காலம் என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. ஆசிரியருக்குப் பின்னால் வெறும் துணி மட்டும் தெரிய வேண்டும், வீட்டுச் சத்தம் எதுவும் கேட்கக் கூடாது. ஒருநாள் அப்பாவின் இருமல் கேட்டுவிட்டது என்று கம்பெனியிலிருந்து மெயில் வந்தது.

“இருமுறதா இருந்தா வெளிய போயி இருமுங்கப்பா. எம் பொழப்பக் கெடுக்காதீங்க.”

மார்கழி மாதம், விடியற்காலை, அதுவும் கொடைக்கானல் மலையில். இப்படிச் சொல்ல ஒரு நாக்கு வேண்டும். அவளுக்கு இருந்தது.

அவர் கோபப்படவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது எவனாவது வாயைத் திறந்தால் அவனுக்கு அன்றைக்குப் பதிவேட்டில் பேர் விழாது; முழுப்பேர் விழுந்தால்தான் முழுநாள் கூலி. “புள்ளக்கிப் பெரட்டு நேரம்,” என்பார் கந்தம்மாளிடம். துண்டைச் சுருட்டி வாயில் கவ்விக்கொள்வார். மகாராணிக்கு அது தெரியும். தெரிந்துதான் தினமும் பாடம் நடத்தினாள்.

பக்கத்து வீட்டு அன்னக்கொடி வந்து கந்தம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“என்ன மதினி, கல்லாட்டம் ஒக்காந்திருக்க? மூச்சு முட்டுனப்ப மகள ஒரு குரலு கூப்புட்டிருக்கக் கூடாதா?”

“எந்திரிச்சேன் தாயி. கையப் புடிச்சு இழுத்துட்டாரு. இவகிட்டப் படிக்கிற அந்த அமெரிக்காப் புள்ளக்கி நாளைக்குப் பரீட்சைன்னு இவ நேத்துச் சொன்னா. அத நெனச்சுக்கிட்டு, வாயில வெரல வச்சுக் காமிச்சாரு. அப்புறம் அந்தக் கை கீழ விழுந்துருச்சு.”

மகாராணிக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பிள்ளை இன்று வரவேயில்லை.

பிள்ளை வராவிட்டாலும் ஆசிரியர் எழுந்திருக்கக் கூடாது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்து, சிரித்த முகமாக முக்கால் மணி நேரமும் காத்திருக்க வேண்டும். அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். திரையில் அவள் முகம் மட்டும் தெரிந்தது, பின்னால் நீலத்துணி. நடுவில் ஒருதடவை அந்தத் துணி அசைந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டாள். குளிருக்குப் பயந்து வீட்டு ஜன்னல்களையெல்லாம் அவள்தான் சாத்தியிருந்தாள்.

ஆறேகாலுக்குத் துணியை விலக்கிப் பார்த்தபோது, அம்மா அப்பாவின் கையைப் பிடித்தபடி, “முடிஞ்சிருச்சா?” என்று மெதுவாகக் கேட்டாள். கிளாஸைத்தான் கேட்டாள்.

தங்கமுத்துவும் இன்னும் மூன்று பேருமாகக் கட்டிலைத் தூக்கி வாசலில் இறக்கினார்கள். வாயில் கவ்வியிருந்த துண்டை எடுத்துவிட்டுத் தாடையைக் கட்டினார்கள். துண்டில் பல் பதிந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. கந்தம்மாள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தப் புள்ள நல்லாப் படிச்சுச்சா?”

மகாராணி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் இவளுக்கு அந்த ஆறுதலும் இருக்காது.

“படிச்சுச்சும்மா. எல்லாக் கணக்கும் சரியாப் போட்ருச்சு.”

கந்தம்மாள் தலையாட்டினாள். குனிந்து புருஷனின் காதருகே போனாள்.

“கேட்டீங்களா? நம்ம புள்ளக்கி முழுப்பேரும் விழுந்துருச்சாம்.”

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது. முக்கால் மணி நேரமாக அடக்கி வைத்திருந்தது. கீழே ரோட்டில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மகாராணியின் கை, அவள் நினைக்கும் முன்பே, கழுத்தில் கிடந்த மைக்கை அணைக்கப் போனது. அது முன்பே அணைந்திருந்தது.