வர்க்கிச்சனால் எல்லாம் முடியும்

“உள்ளதை அப்படியே சொல்லணும் சேச்சி. நல்லா இருக்கார்னு சொன்னா எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனா உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல.”

“அவரால குளிக்க முடியாதுன்னு அவர் முன்னாடியே எப்படி மோளே சொல்றது?”

“அப்ப தனியா போன் பண்ணுங்க.”

“கட்டின புருஷனப் பத்தி மறைவா நின்னு குறை சொல்லவா? நம்மால ஆகாது.”

பக்கவாதம் வந்து கோட்டயத்து ஆஸ்பத்திரியில் கிடந்த வர்க்கிச்சனை வீட்டுக்கு அனுப்பிய அன்று, அவர் மனைவி ஏலம்மாவும் ஆராய்ச்சிக் குழுவின் நர்ஸ் ஜின்சியும் பேசிக்கொண்டது அது. வீடு திரும்பிய நோயாளிகள் எப்படித் தேறுகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. தேறாதவர்கள் வீட்டுக்குப் பிசியோதெரபிஸ்ட் தொடர்ந்து வருவார். தேறிவிட்டார் என்று பதிந்துவிட்டால் வர மாட்டார்.

ஜின்சி முதல் தடவை வந்தபோது, வீடு மந்திரிக்கப் பாதிரியார் வருவதைப்போல ஏலம்மா ஏற்பாடு செய்துவிட்டாள். வர்க்கிச்சனைக் குளிப்பாட்டி, முகம் மழித்து, கஞ்சி போட்ட முண்டு உடுத்தி நாற்காலியில் உட்கார வைத்தாள். மடங்கிப்போன இடது கையைத் துண்டால் மூடினாள். ஜின்சிக்கு வட்டையப்பம் வைத்தாள். எல்லாம் தன்னால் முடியும் என்றார் வர்க்கிச்சன். ஏலம்மாவும் தலையாட்டினாள். வந்த விருந்தாளி முன்னால் வீட்டுக்காரரை எப்படி விட்டுக்கொடுப்பது?

அடுத்த வாரமே பிசியோதெரபிஸ்ட் வருவது நின்றது. வர்க்கிச்சனின் தோள் இறுகியது. அவரைத் தூக்கித் தூக்கி ஏலம்மாவின் இடுப்பு விட்டுப்போனது.

இன்று ஜின்சி கடைசியாக வருகிறாள். இன்றும் முடியும் என்று சொன்னால் இனி யாரும் வர மாட்டார்கள். தெரிந்தேதான் ஏலம்மா இன்றும் முண்டுக்குக் கஞ்சி போட்டிருந்தாள்.

“தனியா குளிக்கிறீங்களா சேட்டா?”

“பின்னே? பஞ்சாயத்தா வந்து குளிப்பாட்டுது?”

ஜின்சி சிரித்தாள். “சட்டை போடுறது? கக்கூஸ்?”

“நானேதான். இவளத்தான் கேளுங்களேன். மத்தியானம் சோறு உள்ள போனா குறட்டை விட்டுத் தூங்குறா. இவ எனக்குத் துணையா, நான் இவளுக்குத் துணையான்னே தெரியல.”

ஏலம்மா சிரிக்க வேண்டிய இடம் அது. கல்யாணமான நாளிலிருந்து அந்த இடத்தில் அவள் சிரித்துத்தான் வந்திருக்கிறாள். இன்று சிரிப்பு வரவில்லை. காலையில் குளியலறையில் அவரைத் தூக்கும்போது இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். ஈரத் தரையில் அவரை மடியில் சாய்த்துக்கொண்டு, எழுந்திருக்கத் தெம்பு வரும்வரை அவள் உட்கார்ந்திருந்தாள். “யார்கிட்டயும் சொல்லிடாதடி,” என்று அவர் அவள் காதில் கெஞ்சினார்.

“நல்ல முன்னேற்றம்! எங்க டாக்டருக்கு இந்த மாதிரி கேஸ்னா ரொம்பப் பிடிக்கும்,” என்றாள் ஜின்சி. “முடிச்சிரலாமா? சரிதானே சேச்சி?”

ஏலம்மா ஜின்சியைப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்தபடி மெல்ல நாற்காலிக்கு வந்து, அவருடைய நல்ல கையைப் பற்றிக்கொண்டாள். மாதக்கணக்காகத் தொண்டைவரை வந்து வந்து திரும்பிய பேச்சு அது.

“இச்சாயா, உங்ககிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இப்ப கேக்குறேன். உங்க வாயாலயே இந்தப் பொண்ணுகிட்ட ஒரே ஒரு தடவை, ‘என்னால முடியல’ன்னு சொல்லுங்க.”