தடி வயர், சன்ன வயர்

சந்திரம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் அவள் புருஷன் ஏசுபாதம் திருப்புளியோடு குனிந்திருந்தான். செங்கல்பட்டில் ரேடியோ ரிப்பேர் செய்பவன். தானே கட்டிய ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் எந்த வயரை இழுப்பது என்பதுதான் அன்று அவன் கவலை. காலிங் பெல்லுக்குப் போடும் சன்ன வயரா, சுண்டுவிரல் கனத்துச் செம்பு வயரா?

"நர்ஸம்மா காதாச்சே. பாக்காம சொல்லு."

அந்தக் காதைத்தான் நான்கு நாட்களாக அவள் நம்பவில்லை. மாமல்லபுரம் குப்பத்தில் பூவாயியின் நிறைவயிற்றில் துடிப்புக் கேட்கும் மரக்குழலை வைத்தபோது இரண்டு இதயங்கள் துடித்ததாகப் பட்டது. ஆஸ்பத்திரியில் சொன்னபோது டாக்டர் சிரித்தார். "ஒரே துடிப்புதாம்மா ரெண்டு பக்கமும் கேக்கும்." அன்று அவளும் எண்ணிப் பார்க்காமலே குழலை எடுத்துவிட்டிருந்தாள். இரட்டை என்றால் குப்பத்தில் பிரசவம் ஆகாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாக வேண்டும். இல்லாததைச் சொல்லி அலைக்கழிக்கவும் பயம்.

ஸ்டீரியோ ரெக்கார்டு சுழன்றது. இடப்பெட்டியில் பியானோ, வலப்பெட்டியில் பெரிய கொட்டு.

"கொட்டு அமுங்கிக்கீது. சன்ன வயரு."

வயர் மாறியது. கொட்டின் அடி அவள் விலாவுக்குள் வந்து நின்றது.

"இது தடி."

"அடி சக்க! இப்ப?"

மறுபடி ஸ்குரூ திருகும் ஓசை. ரெக்கார்டு முடியும்வரை கேட்டாள். திருகினான் என்றால் மாறியிருக்க வேண்டுமே என்று மனம் தவித்தது. காது மட்டும் அசையவில்லை.

"நீ மாத்தல. அதே தடி வயருதான்."

பின்னால் திருப்புளியைக் கீழே வைக்கும் ஓசை.

"சும்மாதான் திருவினேன் புள்ள," என்றான். "ஏமாத்தலாம்னு பாத்தேன். இன்னா காதுடி உனக்கு!"

அவள் காது ஒன்றை ஒன்று என்றுதான் சொல்லியிருக்கிறது. அப்படியானால் அன்று இரண்டு என்றதும்?

விடிந்ததும் அவன் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு முதல் பஸ் ஏறினாள்.

பூவாயியின் வயிற்றில் வலப்பக்கம் நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தாறு துடிப்பு. இடப்பக்கம் நூற்று இருபத்தெட்டு. மறுபடி எண்ணினாள். அதே கணக்கு.

"இன்னாக்கா, பேசாம கீற? கொயந்தைக்கு எதுனா...?"

ஒரே இருட்டுக்குள், ஒருவர் ஓட்டம் மற்றவருக்கு ஒட்டாமல், இரண்டு பேர். வெளியே கடல் இரைந்தது. சந்திரம்மா குழலிலிருந்து காதை எடுக்கவே இல்லை.

"கெளம்பு பூவாயி, ஆஸ்பத்திரிக்கு. நானும் வரேன்," என்றாள். "உள்ள ரெண்டு பேரு கீறாங்க."