ஒரு டிரம் தண்ணீர்

என் வீட்டுக்காரர் போன் செய்தால் வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்பார், பிறகு பாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ரயிலில் ஏறினால் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும் தூரத்தில், ஆற்றின் குறுக்கே கட்டும் பாலத்துக்கு அவர் சைட் சூப்பர்வைசர். "ஷட்டரிங் பிரிச்சாச்சு", "லெவல் பாத்தாச்சு" என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார், நான் "ம்" கொட்டிக்கொண்டே இருப்பேன். எதற்கு ம் கொட்டுகிறேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாள், "இன்னிக்கு ஒரு தூணுக்குத் தொப்பி போட்டோம்" என்றார். "வெயிலுக்கா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் போனை வைத்த பிறகு அழுகையும் வந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கும் ஆளாக அல்லாமல், என்னோடு சேர்ந்து சிரிக்கும் ஆளாக அவர் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாழ்க்கையில் பாதி நாள் அவர் எந்த உலகத்தில் இருக்கிறாரோ, அந்த உலகத்தின் வாசல் வரைக்கும்கூட நான் போனதில்லை.

அதனால்தான் கட்டுமானத் தொழில்நுட்ப டிப்ளமோவில் சேர்ந்தேன். மாமியாரிடம் வேறு காரணம் சொன்னேன், வேலை கிடைக்கும் என்று. "இந்த வீட்ல ஒருத்தன் மண்ணுல பொரள்றது போதாதா? நீயும் போய் பொரளப்போறியா?" என்றார் அத்தை. சொல்லிவிட்டு, காலையில் எனக்கு முன்பே எழுந்து என் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்தார். அவர் வாய் ஒரு திசையில் போகும், கை வேறு திசையில் போகும்.

வகுப்பில் எல்லோரும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பிள்ளைகள். முதல் நாளே நான் "அக்கா" ஆகிவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரிக்கு "ஸ்பீக்கர்" என்று பட்டப்பெயர். அவள் ரகசியம் சொன்னால் நூலகம் வரைக்கும் கேட்கும்.

சர்வே வகுப்பில் மூன்று கால் ஸ்டாண்டில் கருவியை நிறுத்தி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லித் தந்தார்கள். மைதானத்தின் கோடியில் அளவுகோலைப் பிடித்து நின்ற ஸ்பீக்கர், கருவிக்குள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டாள். அவள் கொட்டாவி விட்டதுகூடத் தெரிந்தது. யாரும் பார்க்காதபோது கருவியை ரயில் நிலையத்தின் பக்கம் திருப்பினேன். ஒரு தண்ணீர்த் தொட்டியும் மின்கம்பியில் சில காக்கைகளும் தெரிந்தன. வேறென்ன தெரியும்? பைத்தியக்காரத்தனம்தான். இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சேர்ந்த சில வாரங்களில் அவர் லீவில் வந்தார். அதற்கு முந்தைய இரண்டு தடவையும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் கைவிரித்திருந்தார். "இந்தத் தடவையும் ஏமாத்துனீங்கன்னா நான் போனையே எடுக்கமாட்டேன், ஆமா" என்று கறாராகச் சொல்லியிருந்தேன். சொன்ன நாளில், சொன்ன ரயிலில் வந்து இறங்கினார். ஷூவெல்லாம் சிமெண்ட் தெறித்துக் காய்ந்து கிடந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் ரயில் ஏறியிருந்தார்.

நாலு நாள் இருந்தார். நான் வரைந்த வரைபடத்தாளைத் தரையில் விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு கோடு கோடாகப் பார்த்தார். "படிக்கட்டு நல்லா வந்திருக்கு, ஆனா மேல ஏறுறவன் தலை பீம்ல இடிக்கும்" என்றார். இரண்டு பேரும் அடக்கமுடியாமல் சிரித்தோம். அத்தை எட்டிப்பார்த்து, "படிப்பு ஓடுதாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்த நாலு நாளைப்போல் நாலு நாள் அதற்கு முன் இருந்ததில்லை.

அவர் போன பிறகுதான் அந்தத் தூண் எங்கள் நடுவில் வந்து நின்றது. "ஒரு தூண் இன்னும் காயல. அது காஞ்சதும் லீவு போடுறேன்" என்றார். அடுத்த மாதமும் காயவில்லை, அதற்கடுத்த மாதமும் காயவில்லை. போனில் எந்நேரமும் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். என்ன சத்தம் என்றால், "பக்கத்துல ரோடு உடைக்கிறாங்க" என்பார். பேச்சும் குறைந்துபோனது. முன்பெல்லாம் பாலத்தைப் பற்றிய பேச்சுக்குப் புரியாமல் "ம்" கொட்டியவள், இப்போது பாலத்தைப் பற்றியாவது ஏதாவது சொல்லுங்கள் என்று ஏங்கினேன். நான்தான் கற்றுக்கொண்டுவிட்டேனே! "சாப்பிட்டியா, அம்மா எப்படி இருக்காங்க" என்பதோடு வைத்துவிடுவார்.

"என்ன பொல்லாத கான்கிரீட்டு! கம்பளியைத் தோய்ச்சுப் போட்டாக்கூட இதுக்குள்ள காஞ்சிருக்கும்" என்று அத்தை முணுமுணுத்தார்.

அரையாண்டு விடுமுறை முடிந்து கான்கிரீட் பாடம் தொடங்கியது. லேப் மேடம் கறார் பேர்வழி. முதல் நாளே மேசையைத் தட்டிச் சொன்னார்: "கான்கிரீட் காயுதுன்னு எவனாவது எழுதினா மார்க் கிடையாது. அது துணியில்ல காயறதுக்கு. தண்ணியோட சேர்ந்து இறுகுது. அதைக் காயவிடாம ஈரமா வெச்சிருக்கிறதுதான் உங்க வேலை. அதே கலவையில ஒரு சின்னக் கட்டி வார்த்து வெப்பாங்க, க்யூபுன்னு. நாலு வாரத்துல அதை உடைச்சுப் பாத்தா கான்கிரீட்டோட பலம் தெரிஞ்சுடும்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். என் பேனா ஓடவில்லை. நாலு வாரம். அவரோ மாதக்கணக்காகக் காயவில்லை என்கிறார். அதுவும், ஒரு சைட் சூப்பர்வைசர் தன் வாயால் 'காயல' என்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து, எனக்குப் புரிகிற மாதிரி ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

என் மனம் ஒரு நொடியில் எங்கெல்லாமோ போய்விட்டு வந்தது. போன இடத்திலெல்லாம் ஒரு பெண் இருந்தாள்.

அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது. வகுப்புக்குப் போனேன், வந்தேன், போனில் "ம்" கொட்டினேன். இந்தத் தடவை எதற்குக் கொட்டுகிறேன் என்று நன்றாகத் தெரிந்தது.

லேப்பில் நாங்கள் க்யூப் வார்த்தோம். இரும்பு அச்சில் கலவையைப் போட்டுக் குத்தி, மேலே ஆணியால் பெயர் கீறி, மறுநாள் பிரித்துத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கவேண்டும். எங்கள் கலவை கெட்டியாக இருந்ததால் ஸ்பீக்கருக்குக் கை வலித்தது. "ஒரு மக்கு தண்ணி ஊத்தினா என்னக்கா, குடியா முழுகிடும்?" என்று ஊற்றிவிட்டாள். கலவை பாயசம் மாதிரி இளகி அச்சுக்குள் சுகமாக உட்கார்ந்தது. வாரங்கள் கழித்து இயந்திரத்தில் வைத்து அழுத்தியபோது, மற்றவர்களுடைய க்யூப் எல்லாம் தாங்கித் தாங்கி நிற்க, எங்களுடையது பாதியிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. மேடம் எங்களைத் திட்டவில்லை. "பார்த்துக்கங்க. பாலத்துலயும் இப்படித்தான் ஊத்துவாங்க, சீக்கிரம் முடியணும்னு" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் போன் செய்தார். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் போனோடு பின்வாசலுக்குப் போனேன்.

"தூண் எப்படிங்க இருக்கு?"

"இன்னும் காயல."

"க்யூப் எவ்ளோ வந்துச்சு?"

கடகட சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க, உங்களைத்தான். நாலு வார ரிசல்ட் எப்பவோ வந்திருக்கணுமே."

"...ஃபெயில்" என்றார்.

அந்த ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அவர் பட்ட பாடு எனக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பெண்ணின் பெயர் வருமோ என்று பயந்துகொண்டிருந்தவளுக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் நிம்மதிதான் வந்தது.

"தூணைத் துளைச்சு உள்ளேருந்து துண்டு எடுத்துப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. அதுவும் தேறல."

"அப்ப அந்தச் சத்தம்?"

"என் தூணைத்தான் உடைக்கிறாங்க. நாள் முழுக்க நானே பக்கத்துல நின்னு உடைக்க வைக்கணும். பெரிய இன்ஜினியர் என் மூஞ்சியக்கூடப் பாக்கிறதில்ல. வீட்டுக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வரது, சொல்லு?"

"எப்படிங்க ஆச்சு?"

"எதுக்கு அதெல்லாம், விடு."

"சொல்லுங்க. எனக்குப் புரியும்."

"லாரி வழியில மாட்டிக்கிச்சு. வந்து சேரும்போது கலவை கெட்டியாயிடுச்சு. திருப்பி அனுப்பியிருக்கணும். ஆனா அடுத்த லாரி வர சாயங்காலம் ஆயிடும். அதான்... ஒரு டிரம் தண்ணிய ஊத்தச் சொல்லிட்டேன்."

"சாயங்காலம் ஆனா என்னவாம்? அப்படி என்ன அவசரம்?" கோபமாகவே கேட்டேன். மேடமின் குரல் எனக்குள் புகுந்துகொண்டது.

"ரயில் போயிடும்ல" என்றார்.

சிமெண்ட் தெறித்த அந்த ஷூ என் கண்முன் வந்து நின்றது. போனையே எடுக்கமாட்டேன் என்று மிரட்டியவள் நான்தான். தரையில் விரித்த தாள், தலை இடிக்கும் படிக்கட்டு, அந்தச் சிரிப்பு எல்லாமே அந்த ஒரு டிரம் தண்ணீரில் வந்தவை. ஊருக்கெல்லாம் தாங்கவேண்டிய ஒரு தூண் போய்விட்டது, நான் வருத்தப்படத்தான் வேண்டும், வருத்தப்பட்டேன். ஆனாலும் அந்த நாலு நாளைத் திருப்பிக் கொடு என்று யாராவது கேட்டால் கொடுத்திருக்கமாட்டேன்.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொன்னா, உன்னாலதான்னு சொல்ற மாதிரி ஆயிடும். அதான் காயலன்னுட்டேன். உனக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுதுன்னு..." பாதியில் நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். அவர் அழுது நான் கேட்டது அதுவே முதல் தடவை. அழும்போது தோளில் கை வைக்க எவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது!

"திரும்ப எப்ப போடுறீங்க?"

"அடுத்த வாரம். அது நாலு வாரம் கழிச்சு பாஸாயிடுச்சுன்னா வரேன். அதுக்கு முன்னாடி வரமுடியாது. வரவும் மாட்டேன்."

"வரவேண்டாம். வந்தா நானே திருப்பி அனுப்பிடுவேன்." குரல் நடுங்காமல் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். "லாரி லேட்டா வந்தா அதையும் திருப்பி அனுப்புங்க. அடுத்த லாரி வரட்டும். எத்தனை ரயில் வேணும்னாலும் போகட்டும். நான் எங்கயும் போயிடமாட்டேன்."

அவர் "ம்" என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நான் பேச அவர் ம் கொட்டினார்.

உள்ளே வந்தபோது, மடித்த துணிகளுக்கு நடுவில் அத்தை உட்கார்ந்திருந்தார். "என்னவாம்? காஞ்சுடுச்சாமா?"

"இல்ல அத்தை. அடுத்த வாரம்தான் கான்கிரீட்டே போடப்போறாங்க."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, மடித்து வைத்திருந்த என் வீட்டுக்காரரின் சட்டையை எடுத்து, என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனார்.