டீச்சர் ஊதிய சுண்ணாம்பு நீர்

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவரைப் பிப்பெட் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி, நெட்டை, நடுவில் மட்டும் கொஞ்சம் வயிறு. வேதியியல் ஆய்வகத்தில் திரவம் உறிஞ்சுகிற அந்தக் கண்ணாடிக் குழாயும் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். பெயர் வைத்த பிள்ளை எவனோ, அவன் நல்ல மார்க்தான் வாங்கியிருப்பான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் ஆய்வக உதவியாளர். அவர் மனைவி அதே ஆய்வகத்தில் வேதியியல் டீச்சர். வீட்டில் "ஏங்க" என்பவள் பள்ளியில் "லேப், அந்த பர்னர எடுத்துட்டு வாங்க" என்பாள். அவரும் "இதோ டீச்சர்" என்று ஓடுவார். ஓடி ஓடிப் பழகி, வீட்டிலும் டீச்சர் என்றே வாயில் வந்து, கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது. கல்யாணமான புதிதில் வேறு எப்படிக் கூப்பிட்டோம் என்பதே அவருக்கு மறந்துபோனது.

ஒவ்வொரு வருஷமும் டீச்சர் முதல் பாடத்தை ஒரு பாட்டில் சுண்ணாம்பு நீரில்தான் தொடங்குவாள். பார்வைக்குக் குடிதண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். அதில் ஒரு கண்ணாடிக் குழாயை விட்டு மெதுவாக ஊதுவாள். தண்ணீர் பாலாகிவிடும்.

"என் மூச்சுல இருக்கிற கரியமில வாயுவ சுண்ணாம்பு கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. இதுக்குப் பேரு கால்சியம் கார்பனேட். முட்டை ஓடு இதுதான், சிப்பி இதுதான், பளிங்குக் கல்லும் இதுதான். என்னைக்கோ காத்துல அலைஞ்ச கரி எல்லாம் கடலுக்கு அடியில சிப்பி சிப்பியாச் சேந்து, இன்னைக்கு மலையா நிக்குது. அது அத்தனையும் ஒரே நாள்ல வாயுவா வெளிய வந்தா நாம வெந்தே போவோம்."

பிறகு திரும்பி, "லேப், நீங்க ஊதுங்க" என்பாள். இன்னொரு பாட்டிலில் பிப்பெட் ஊதுவார். பாலாகும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். கைதட்டலைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போகும், இன்னும் ஊதுவார். வெள்ளை மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீர் மறுபடி தெளிந்துவிடும்.

"பாத்தீங்களா? அளவா ஊதினா கல்லு. அளவு மீறினா கல்லும் கரையும். மழைத்தண்ணி இப்படித்தான் மலையக் கரைச்சுக் குகை பண்ணுது. எல்லாத்துக்கும் நிறுத்தத் தெரியணும், இவருக்குத் தெரியாது. பேச்சும் அப்படித்தான்."

வகுப்பு கொல்லென்று சிரிக்கும். அவரும் சிரிப்பார். வருஷா வருஷம் அவர் அளவு மீறி ஊதுவது வேண்டுமென்றேதான் என்பது டீச்சருக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

கடைசி வருஷம் முதல் பாடம் முடித்துப் போனவள் இரண்டாம் பாடத்துக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி, அதன் பிறகு சுடுகாடு. அவள் ஊதிய பாட்டில் மேசையிலேயே இருந்தது. வெள்ளை அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. பிப்பெட் அதைக் கார்க்கால் அடைத்து, சிவப்பு மெழுகு உருக்கி மூடி, அலமாரியின் பின்வரிசையில் வைத்தார். வெறும் தண்ணீர்ப் பாட்டிலுக்குக்கூட லேபிள் ஒட்டுகிற மனிதர், இதற்கு ஒட்டவில்லை. என்ன எழுதுவது?

வீட்டில் ஒரு ஆளுக்குச் சமைக்கிற அளவு அவருக்குக் கைவரவே இல்லை. தினமும் மிஞ்சும். பேச வாய் அரித்தால் அடுப்போடு பேசுவார், செருப்போடு பேசுவார். இரண்டும் நல்ல மாதிரிதான், "போதும் நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

இந்த விடுமுறையில் ஆய்வகத்தைச் சுத்தம் செய்யப் புது டீச்சர் வந்திருந்தாள். பிப்பெட் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் என்ற சொல் ஏற்கெனவே ஒருத்திக்குப் போய்விட்டதே.

"அண்ணே, லேபிள் இல்லாததை எல்லாம் காலி பண்ணித் தொட்டியில வெச்சுட்டேன். சுவத்துல நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க, 'லேபிள் இல்லாத பாட்டிலுக்கு இங்கே இடமில்லை'ன்னு?"

"நானேதான் மேடம். கையெழுத்தப் பாத்தாலே தெரியுமே, கோழி கிண்டின மாதிரி." கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் மடை திறந்துவிட்டது. "அந்தக் காலத்துல ஒருத்தன் உப்புன்னு நெனச்சு..."

பேச்சு ஓட, கைகள் தம் பாட்டுக்கு ஓடின. வெள்ளைக் கறை படிந்த பாட்டிலா, நீர்த்த அமிலம் கொஞ்சம் ஊற்று, கறை விட்டுப் போகும். இத்தனை வருஷம் கழுவிய கைகளுக்குக் கண் தேவையில்லை. ஒன்று, அடுத்தது, அதற்கு அடுத்தது.

"...நாக்குல வெச்சுப் பாத்தானாம், அவ்வளவுதான், அவன்..."

உஸ்ஸ்ஸ் என்று நுரைத்தது. வகுப்பை அடக்க டீச்சர் போடுகிற அதே சத்தம். பிப்பெட் வாயை மூடினார். தட்டில் புது டீச்சர் பிடுங்கிப் போட்டிருந்த கார்க்குகளின் நடுவே ஒன்றில் சிவப்பு மெழுகு ஒட்டியிருந்தது.

பாட்டில் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.

"டீச்சர்! ஓட்டை போட்ட கார்க்கு! வளைஞ்ச குழாய்! சுண்ணாம்புத் தண்ணி!"

யாரைக் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. ஓடி வந்தவள் புது டீச்சர்.

"என்னண்ணே, கையில பட்டுடுச்சா?"

"இதுல எங்க டீச்சர் ஊதின மூச்சு இருக்கு. நானே அமிலத்த ஊத்திட்டேன். கல்லு கரைஞ்சு மூச்சு வாயுவா வெளிய போய்க்கிட்டிருக்கு."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். கார்க்கைச் சொருகினாள். குழாயின் மறு முனையைச் சுண்ணாம்பு நீர் இருந்த சோதனைக் குழாய்க்குள் விட்டாள்.

ஒரு குமிழி, பின்னால் இன்னொன்று. தண்ணீரில் முதலில் புகைபோல ஒரு கோடு. பிறகு பால்.

"வந்துடுச்சுண்ணே!" என்றாள் புது டீச்சர். "இன்னும் வருது பாருங்க, இருங்க, இன்னும் கொஞ்சம்..."

பிப்பெட் அந்த வளைந்த குழாயை வெளியே இழுத்துவிட்டார்.

"ஏண்ணே? இன்னும் இருக்கே!"

"போதும் மேடம். மேல போனா தெளிஞ்சிடும்."

சோதனைக் குழாயை அடைத்து, மெழுகு உருக்கி மூடினார். பழைய பாட்டிலில் மிச்ச நுரை இன்னும் இரைந்துகொண்டிருந்தது. புது டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாயு வெளியேற வழக்கம்போல் சன்னலைத் திறக்கப் போனாள். பாதி வழியில் நின்று திரும்பி வந்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் ஒரு லேபிளை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். கடைசியில் கோழி கிண்டின எழுத்தில் "கழுவ வேண்டாம்" என்று எழுதிச் சோதனைக் குழாயில் ஒட்டினார்.

"அண்ணே," என்றாள் அவள், "உப்புன்னு நெனச்சு நாக்குல வெச்சானே, அவன் என்ன ஆனான்?"

பிப்பெட் சொல்ல வாயைத் திறந்தார். நுரை இன்னும் அடங்கவில்லை.

"இருங்க மேடம்," என்றார். "இது முடியட்டும்."